ஒன்பதாம் எண் கிணறு

ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றைப் போன மாதம் முழுக்கத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கதையோ கவிதையோ இல்லை, ஆய்வுக் கட்டுரை. 1997 ஏப்ரலில் 'ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் அண்ட் என்விரான்மென்டல் மெடிசின்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. எழுதியவர்கள் என்று இரண்டு சீனப் பெயர்கள்: ஜாங் ஜியான்டாங், லி ஷூகுன். குரோமியம் கலந்த தண்ணீரைக் குடித்த கிராமங்களில் புற்றுநோய் மரணங்கள் எப்படி இருந்தன என்பது விஷயம். 2006-ல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டது.

ஐடியில் வேலை பார்க்கும் ஒருவனுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள். நான் ஆம்பூர்ப் பக்கத்துக்காரன். இரண்டாவது, குரோமியத்தைப் பற்றி என் பெயரிலும் ஒரு கட்டுரை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊரில் குரோமியம் என்று யாரும் சொல்வதில்லை, 'குரோம்'தான். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பல வாரங்கள் பதனிட்ட தோலைக் குரோம் உப்பு போட்ட டிரம்மில் சுற்றினால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். வெளிறிய நீலத்தில் வெளியே வரும். வெட் ப்ளூ என்பார்கள். இந்த உப்பில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம், ஒப்பீட்டில் சாது. அதன் மூலப்பொருளில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். இது சாது இல்லை, புற்றுநோய் தரும். அந்த மூலப்பொருளைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை ராணிப்பேட்டையில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் மூடிவிட்டார்கள். இரண்டு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவை அப்படியே விட்டுப் போனார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் ஓடும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று 2006-ல் பிளாக்ஸ்மித் நிறுவனம் போட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் உண்டு.

சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலும் இதேபோலக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகியிருக்கிறது, 1965 வாக்கில். ஜின்ஜோ நகரத்தருகே இருந்த ஃபெர்ரோகுரோமியம் ஆலைதான் காரணம். அங்கே பொது சுகாதார மருத்துவராக இருந்தவர் ஜாங். ஐந்து கிராமங்களின் மரணக் கணக்கைத் தொகுத்து, புற்றுநோய் மரணம் அதிகம் என்று 1987-ல் சீன மொழியில் எழுதினார். பத்து வருஷம் கழித்து அவர் பெயரிலேயே ஆங்கிலத்தில் இன்னொரு கட்டுரை வருகிறது. அதே ஊர்கள், அதே மரணங்கள். ஆலைக்கு அருகில் போகப் போகவோ குரோமியம் கூடக் கூடவோ மரண விகிதம் கூடவில்லை, ஆகவே வாழ்க்கைமுறை போன்ற வேறு காரணங்கள் இருக்கலாம் என்று இது முடிகிறது.

நடுவில் நடந்தது ஒரு வழக்கு. கலிஃபோர்னியாவில் ஹிங்க்லி என்ற சிற்றூரின் நிலத்தடி நீரில் ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கலந்ததற்காகப் பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனம் 1996-ல் 333 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 'எரின் ப்ரோகோவிச்' படத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் நடித்தது இந்த வழக்கைத்தான். அந்த நிறுவனம் அமர்த்திய கெம்ரிஸ்க் என்ற ஆலோசனை நிறுவனம்தான் ஓய்வுபெற்றிருந்த ஜாங்கைத் தேடிப்பிடித்துத் தரவுகளை வாங்கியது. கட்டுரையை எழுதியதும் அதன் ஆட்களே. கெம்ரிஸ்க்கின் பெயரோ அதற்குப் பணம் கொடுத்தவர் பெயரோ அச்சில் இல்லை. பின்னால் வந்த வழக்குகளின் ஆவணங்கள் வழியாகவும், 2005-ல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' வெளியிட்ட செய்தி வழியாகவும் இது வெளியே வந்தது. அதற்குள் 2001-ல் குடிநீர்க் குரோமியம் பற்றிக் கலிஃபோர்னியாவின் நிபுணர் குழு கொடுத்த அறிக்கையில் அந்தக் கட்டுரை ஆதாரமாக உட்கார்ந்துவிட்டது.

என்னை ஒரு மாதம் பிடித்து வைத்த விஷயம் இனிமேல்தான். இந்தக் கட்டுரையில் எண்களைக் கற்பனை செய்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. இதழாசிரியர் பால் பிராண்ட்-ராஃப் கட்டுரையைத் திரும்பப் பெற்றபோது சொன்ன காரணம், வெளியார் கொடுத்த பணத்தையும் அறிவுப் பங்களிப்பையும் அறிவிக்கவில்லை என்பதுதான். முடிவு தப்பு என்று அவர் சொல்லவில்லை. கெம்ரிஸ்க் தரப்பும் இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஜாங் மனம் ஒப்பித்தான் செய்தார், அறிவியலில் பிழை இல்லை, பிறகு எதற்குத் திரும்பப் பெற வேண்டும் என்றது.

முதலில் படித்தபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆசிரியன் செத்துவிட்டான் என்று பார்த்திடம் பாடம் கேட்டு வளர்ந்த கூட்டம் நாம். பிரதி இருக்கிறது, எழுதிய கை யாருடையதாக இருந்தால் என்ன? நம் சினிமாவில் பெயர் போடாமல் வசனம் எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! அரசியல்வாதிகளின் சுயசரிதைகளை யார் எழுதுகிறார்கள் என்று நமக்குத் தெரியாதா?

ஆனால் கட்டுரையின் அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். ஐந்து கிராமங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. ஐந்துமே கெட்ட தண்ணீர் குடித்த கிராமங்கள். கெட்டதைக் கெட்டதோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். எதை எதனோடு ஒப்பிடுவது என்பது ஆய்வாளர் எடுக்கும் முடிவு. கதைசொல்லி எந்த ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறான் என்பது மாதிரி. அந்த ஜன்னலைத் தேர்ந்தவர் உள்ளூர் மருத்துவர் என்று வாசகர் நம்புகிறார். தன் ஊர் மரணங்களைத் தானே எண்ணியவர், பத்து வருஷத்துக்கு முன் நேர்மாறாகச் சொன்னவர், இப்போது யோசித்து மனம் மாறியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார். கட்டுரையின் பலமே அந்த மனமாற்றம்தான். அதை வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

2008-ல் கலிஃபோர்னிய அரசு விஞ்ஞானிகள் அதே தரவை எடுத்து மாகாணத்தின் மற்ற மக்களோடு ஒப்பிட்டார்கள். வயிற்றுப் புற்றுநோய் மரணம் தெளிவாகவே அதிகம் என்று வந்தது. மறு வருஷம் ஆலோசகர் தரப்பு இன்னொரு கட்டுரை எழுதி அதை மறுத்தது. இந்த முறை ஆலோசகர்களின் பெயர்களும் மேலே இருந்தன. எனக்கு இதில் எந்தப் புகாரும் இல்லை. யார் பேசுகிறார் என்று தெரிந்துவிட்டது, நீங்கள் எடை போட்டுக்கொள்ளலாம். திரும்பப் பெற்றது சரி என்று என்னை ஒப்புக்கொள்ள வைத்ததும் இந்த 2009 கட்டுரைதான். பெயர் போட்டே இதைச் சொல்லியிருக்க முடியும் என்றால், 1997-ல் ஏன் போடவில்லை?

பிரிட்டனில் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கூடிப் பதிப்பு நெறிகளுக்கான குழுவை, சுருக்கமாக 'கோப்', தொடங்கியதும் அதே 1997-ல்தான். யார் எழுதியது, யார் பணம் கொடுத்தது, தரவு எங்கே என்ற கேள்விகளை இதழ்கள் இன்று படிவமாக நீட்டுகின்றன. நிரப்புகிறவர்களுக்கு அது வருமான வரிப் படிவம் போல அலுப்பு.

எங்கள் பகுதியில் அந்த அலுப்புக்கு விலை உண்டு. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றிய தீர்ப்புகளில் ஒன்று. அதில் ஓர் எண் வருகிறது: தோல் ஆலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ விவசாயத்துக்கு லாயக்கற்றுப் போனது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கொடுத்த கணக்கு அது. யாரோ வயல் வயலாகப் போய் மண் எடுத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நீதிபதிகள் பாலாற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளப் போவதில்லை. அவர்கள் முன்னால் இருப்பது காகிதம்.

இனி என் காகிதம்.

நான் படித்தது சிவில். கேம்பஸில் எடுத்துக்கொண்டது ஐடி கம்பெனி, அது தனிக் கதை. 2012-ல் கடைசி வருஷ புராஜெக்ட்டுக்காக ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு கிணறுகளில் நாங்கள் நான்கு பேர் தண்ணீர் எடுத்தோம். ஒன்பதாம் எண் என் ஆயா வீட்டுக் கிணறு.

"இந்தத் தண்ணிய எடுத்துகினு போயி இன்னாடா பண்ணப்போற?" என்றாள் ஆயா.

"டெஸ்ட் பண்றோம் ஆயா."

"பருப்பு வேவ மாட்டேன்னுது, அதையும் எழுதிக்கோ."

உப்பளவு பார்க்கும் மீட்டர் கல்லூரியில் இருந்தது. குரோமியத்துக்கு வெளி லேபுக்குப் போக வேண்டும், ஒவ்வொரு பாட்டிலுக்கும் காசு. எங்களிடம் இருந்த பணம் மூன்று பாட்டிலோடு தீர்ந்தது. மிச்ச ஒன்பதையும் ஹாஸ்டல் ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தேன். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

கைடு அட்டவணையைப் பார்த்தார். "பன்னெண்டு கிணறுன்னு தலைப்புலயே போட்டுட்டீங்க. மிச்சத்த ஃபில் பண்ணிடுங்கப்பா."

"எப்படி சார்?"

"ரேஞ்ச் தெரியுதுல்ல? லிமிட்டுக்குள்ள வெச்சுக்கோ. மேல போனா எவனாவது வந்து கேள்வி கேப்பான்."

குடிநீரில் குரோமியத்துக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். எக்செலில் ஒரு சூத்திரம் உண்டு, இரண்டு எண்களுக்கு நடுவே ஏதாவது ஓர் எண்ணைப் பொறுக்கிக் கொடுக்கும். ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவே கேட்டேன், நூறால் வகுத்தேன். ஒன்பதாம் எண்ணுக்கு 0.03 விழுந்தது. அந்த நேரத்தில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை. கோட் ஓடியது என்ற திருப்திதான். எந்தத் தோல் கம்பெனியும் எங்களுக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதை ஓர் 'இன்டர்நேஷனல்' ஜர்னலுக்கு அனுப்பினார் கைடு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டணம் கட்டினோம். மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது, கூடவே சான்றிதழ். முதல் பெயர் கைடு, இரண்டாவது துறைத் தலைவர். அவர் அந்தக் கட்டுரையைப் பார்த்ததுகூட இல்லை. என் பெயர் நான்காவது. வேலை தேடும்போது ரெஸ்யூமேயில் போட்டுக்கொண்டேன்.

நம் ஊரில் இதைப் பற்றிப் பேச்சு வருவதெல்லாம் தரவரிசையை ஒட்டித்தான். 2023-ல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியைப் பற்றி 'சயின்ஸ்' இதழும் 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தளமும் சேர்ந்து ஒரு செய்தி வெளியிட்டன. இளநிலை மாணவர்கள் தேர்வு அறையில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள், அவற்றில் அதே கல்லூரியின் கட்டுரைகள் பெருமளவில் மேற்கோளாகச் சேர்கின்றன, மேற்கோள் எண்ணிக்கை தரவரிசையைத் தூக்குகிறது என்று. அது செய்தியாளர்களின் குற்றச்சாட்டு, தீர்ப்பு அல்ல. ஆனால் அதைப் படித்த என் நண்பர்கள் யாரும் அதிர்ச்சி அடையவில்லை என்பது எனக்கு முக்கியமாகப்பட்டது. நாங்கள் எல்லோருமே அந்த வகுப்பறையின் ஏழை வடிவத்தில் உட்கார்ந்தவர்கள்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் நிறுவனங்களுக்கு எதிர்மதிப்பெண் என்று 2025-ல் தேசியத் தரவரிசைக்காரர்கள் அறிவித்தார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. ஓர் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றால் முதலில் அங்கே ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது புகார் எழுத வேண்டும், அதை அவர் படிக்க வேண்டும். எங்கள் கட்டுரை வந்த மாதிரியான இதழ்களில் அந்த நாற்காலியே கிடையாது. அங்கே எதுவும் திரும்பப் பெறப்படாது, கணக்கில் சுத்தமாக இருக்கும். ஒப்புக்கொண்டு திருத்துகிறவன் மதிப்பெண் இழப்பான், சத்தமில்லாமல் இருப்பவன் தப்பிப்பான். சாஃப்ட்வேரிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பக் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னால், முதலில் குறைவது பக் பதிவு செய்வதுதான்.

2023-ல் எதையோ தேடும்போது ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை கண்ணில் பட்டது. வேலூர் வட்டார நிலத்தடி நீரில் குரோமியம் என்று நீளமான அட்டவணை. அதில் ஒரு வரிசை எங்களுடையது: பன்னிரண்டு மாதிரிகள், எல்லாமே வரம்புக்குள். மேலேயும் கீழேயும் இருந்த வரிசைகளில் மோசமான எண்கள் இருந்தன. எங்களுடையது சேர்ந்ததும் மொத்தம் கொஞ்சம் சமாதானமாகத் தெரிந்தது.

பழைய ஜர்னலுக்கு எழுதினேன். மின்னஞ்சல் திரும்பி வந்தது, அந்த முகவரியே செத்துவிட்டது. கட்டுரையின் பிடிஎஃப் மட்டும் வேறு நான்கைந்து தளங்களில் நன்றாக இருக்கிறது. கைடுக்கு போன் செய்தேன். "அதையெல்லாம் இப்ப எதுக்குப்பா கிளறிகினு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. மதிப்பாய்வை எழுதியவருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: தகவலுக்கு நன்றி, கட்டுரை ஏற்கெனவே பிரசுரமாகிவிட்டது, அடுத்த ஆய்வில் கவனத்தில் கொள்கிறோம்.

சரி, உண்மையான எண்ணையாவது கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன். இன்றைக்கு என் சம்பளத்தில் நூறு பாட்டில் சோதிக்கலாம். ஊருக்குப் போய்ச் சித்தப்பாவிடம் கேட்டபோது அவர் ஷெட்டைக் கை காட்டினார். ஆயா போன மறு வருஷம், 2017-ல், கிணற்றில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடி, மேலே தளம் போட்டிருக்கிறார். இப்போது அங்கே ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றும் இரண்டு வேன்கள் நிற்கின்றன. ஜன்னலில் இருந்த ஒன்பது பாட்டில்களையும் ஹாஸ்டலைக் காலி செய்த அன்று பாத்ரூமில் கொட்டியது நான்தான். அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கென்று இன்று எழுத்தில் இருப்பது 0.03 ஒன்றுதான்.