ஐஸ் துளையருகே ஒரு பெயரற்ற மனிதன்: தோரோவின் ‘வால்டன்’ பற்றிச் சில குறிப்புகள்

ஹென்றி டேவிட் தோரோ எம்மவர் மத்தியில் பெரும்பாலும் காந்தியின் வழியாகவே அறிமுகமானவர். சட்டமறுப்புப் பற்றி அவர் 1849இல் வெளியிட்ட கட்டுரையைக் காந்தி விரும்பிப் படித்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. ஆனால் 1854இல் பொஸ்டனில் வெளியான அவரது ‘வால்டன்’ நூலை முழுமையாக வாசித்தவர்கள் குறைவு. அதன் முதல் அத்தியாயத்தின் இறுதியில் ஷீராஸ் கவிஞர் ஸஅதியின் ‘குலிஸ்தா’னிலிருந்து எடுத்த கதையொன்று வருவது எமது வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடியது. கனி தராத சைப்ரஸ் மரத்தை மட்டும் ‘ஆஸாத்’, அதாவது சுதந்திரமானது, என்று ஏன் அழைக்கிறார்கள் என்பதே அக்கதையின் கேள்வி. இந்தக் கேள்வியை மனதிற்கொண்டு நூலின் 16ஆம் அத்தியாயத்தை வாசித்தால் சில விடயங்கள் தெளிவாகின்றன.

மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கொன்கோர்ட் என்ற ஊருக்கு அண்மையிலுள்ளது வால்டன் குளம். 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டெம்பர் 6 வரை தோரோ அதன் கரையில், நண்பர் எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், தானே கட்டிய சிறு வீட்டில் வாழ்ந்தார். 16ஆம் அத்தியாயம் அக்குளத்தின் குளிர்காலத்தைப் பேசுகிறது. ஓரடிப் பனியை விலக்கி, அதன்கீழ் ஓரடி ஐஸை வெட்டித்தான் குடிநீர் எடுக்க வேண்டும். விடியற்காலையில் தூண்டிலும் சிறிதளவு உணவுமாக மீனவர்கள் வந்து சேர்கிறார்கள்.

அவர்களில் ஒருவனின் தொழில்முறையைத் தோரோ நுணுக்கமாக விபரிக்கிறார். கரையிலிருந்து சம தூரத்தில், ஒன்றுக்கொன்று எழுபது எண்பது அடி இடைவெளியில் ஐஸில் சிறு துளைகள். ஒவ்வொரு துளையின் மேலும் குறுக்காக ஓர் ஆல்டர் மரக்கிளை. தூண்டில் கயிறு உள்ளே இழுபட்டுப் போகாமல் அதன் நுனி ஒரு குச்சியில் கட்டப்பட்டிருக்கும். தளர்ந்த கயிறு, ஐஸுக்கு ஓரடிக்கு மேலாக உள்ள சிறு கொப்பின்மேல் செல்லும். அதில் காய்ந்த ஓக் இலையொன்று தொங்கும். மீன் கடித்தால் இலை கீழே இறங்கும். ஒரே ஆள் பல துளைகளைக் கவனிக்க இது போதும். ஐஸில் மீன்பிடிப்பதைக் கண்டிராத எமக்கும் இந்த வர்ணனை காட்சியைக் கண்முன் நிறுத்திவிடுகிறது.

இம்மனிதனைத் தோரோ மதிக்கிறார் என்பதில் ஐயமில்லை. இயற்கை ஆய்வாளன் பூச்சியைத் தேடிக் கத்திமுனையால் மரப்பட்டையை மெல்ல உயர்த்திப் பார்க்கிறான். மீனவனோ கோடரியால் மரக்கட்டையை நடுவரை பிளந்து புழுவை எடுக்கிறான். படித்தவனை விட இவனே இயற்கைக்குள் ஆழமாகச் சென்றவன் என்பது தோரோவின் முடிவு. ஏட்டறிவை விடத் தொழிலறிவை உயர்த்திப் பேசும் இத்துணிவு அக்காலத்து எழுத்தில் குறிப்பிடத்தக்கது.

ஆனால் அடுத்த அடியிலேயே ஒரு சிக்கல் தோன்றுகிறது. புழுவைப் பேர்ச் மீன் விழுங்குகிறது, பேர்ச்சைப் பிக்கரல் விழுங்குகிறது, பிக்கரலை மீனவன் விழுங்குகிறான் என்று தோரோ அடுக்குகிறார். மீனவன் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிடுகிறான். எழுத்தாளர் சங்கிலிக்கு வெளியே நின்று பார்க்கிறார். இதே அத்தியாயத்தில், அடியே இல்லை என்று ஊரவர் நம்பிய குளத்தைக் கயிறும் கல்லும் கொண்டு அளந்து, ஆழம் 102 அடி என்று நிறுவுகிறார். அவரது அறிவு இலக்கங்களோடும் வரைபடத்தோடும் நூலில் பதிவாகிறது. மீனவனின் அறிவோ புகழ்ச்சியோடு நின்றுவிடுகிறது. பிடிபட்ட பிக்கரலின் நிறங்களை வியந்து எழுதும் பேனை, பிடித்தவனின் பெயரைக் கேட்கவில்லை.

தோரோ எழுதியது இயற்கையைப் பற்றி, சமூகவியலை அல்ல என்று இதற்குப் பதில் கூறலாம். அது பொருந்தாது. முதல் அத்தியாயத்தின் தலைப்பே பொருளாதாரம். தன் வீட்டைக் கட்ட 28 டொலர் 12½ சதம் செலவானதை அரைச் சதம் பிசகாமல் கணக்கெழுதியவர் அவர். அப்படிப்பட்டவர் இந்த மீனுக்கு என்ன விலை, வீட்டில் அதை எதிர்பார்த்திருப்பவர் யார் என்று இங்கே கேட்கவில்லை.

ஐஸ் வெட்ட வந்த கூலியாட்களின் பகுதியில் இக்குறை இன்னும் வெளிப்படை. 1846-47 குளிர்காலத்தில் நூறு ஐரிஷ் தொழிலாளர்கள், மேற்பார்வையாளர்களோடு நாள்தோறும் வந்து ஐஸை வெட்டி அடுக்கினர். நல்ல நாளில் 1000 தொன் வெட்டலாம் என்று அவர்கள் சொன்னதைத் தோரோ குறித்துவைக்கிறார். ஒருவன் தவறி விழுந்து, குளிரில் விறைத்து, அவரது வீட்டு அடுப்பருகே தஞ்சமடைந்ததை நகைச்சுவையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். அதே குளிர்காலத்தில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தனர். அது பற்றி இங்கு ஒரு சொல்லும் இல்லை. உருளைக்கிழங்கு அழுகல் நூலின் இறுதி அத்தியாயத்தில் வருகிறது. அங்கும் மூளை அழுகலோடு ஒப்பிடுவதற்கான உவமையாகவே. ஒக்ஸ்போர்ட் அகராதியினர் 2024இன் சொல்லாகத் தெரிந்தெடுத்த ‘பிரெய்ன் ரொட்’ என்ற தொடர் இங்கேயே முதலில் பதிவானதாகக் கூறப்படுகிறது. உவமைக்கு உதவிய பட்டினியை எவரும் நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.

அத்தியாயத்தின் முடிவில் தோரோ, சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுவோர் தன் குளத்து நீரைப் பருகுவதாகக் கற்பனை செய்கிறார். பொஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடரின் ஐஸ் 1833இல் கல்கத்தாவை அடைந்ததும், சென்னைக் கடற்கரையில் 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டதும் வரலாறு. ஆனால் அங்கே அந்த ஐஸ் வெள்ளையருக்கும் வசதி படைத்தோருக்குமே எட்டியது. வெட்டிய கையையும் எட்டாத வாயையும் மறைத்துவிட்டுத்தான் வால்டனும் கங்கையும் கலக்கும் அழகிய படிமம் அங்கு எழுகிறது.

ஸஅதியின் சைப்ரஸ் கனி தரும் கடமை இல்லாததால் சுதந்திரமானது. தோரோவும் அவ்வாறே சிலகாலம் வாழ்ந்து பார்த்தார். எமக்கு ஒரு பெரிய நூல் கிடைத்தது. மீனவனும் கூலியாளும் கனி தந்தே ஆகவேண்டியவர்கள். அவர்களின் தொழிலை இத்தனை துல்லியமாகப் பார்த்த ஒருவர் அவர்களின் வாழ்வைக் காணாதுவிட்டமையே ‘வால்டன்’ நூலின் எல்லை எனலாம். உழைப்பாளரைப் பற்றி எழுத முனையும் இளம் படைப்பாளிகள் இந்த அத்தியாயத்தை இருமுறை வாசிக்க வேண்டும்: முதல்முறை, ஓக் இலை எவ்வாறு கட்டப்பட்டது என்பதைக் கற்க, அடுத்தமுறை, அதைக் கட்டியவனிடம் என்னென்ன கேட்கப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள.