தணிக்கையாளருக்குப் பணம் கொடுப்பது யார்?
ஆலை எவ்வளவு மாசைக் கக்குகிறது என்பது ஆலைக்காரருக்குத் தெரியும். அதைத் தடுக்க வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரியாது. இந்த இடைவெளியை அடைக்க 1996இல் குஜராத் உயர் நீதிமன்றம் ஒரு வழி வகுத்தது: மாசு அதிகமுள்ள ஆலைகள் ஆண்டுதோறும் வெளித் தணிக்கையாளரை வைத்து அளந்து அறிக்கை தர வேண்டும். ஆள்பலம் குறைந்த வாரியத்துக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் அவருக்குப் பணம் கொடுத்ததும் ஆலையே. பொருளியலாளர் எஸ்தர் டுஃப்ளோவும் சக ஆய்வாளர்களும் 2009 முதல் அகமதாபாத், சூரத் வட்டாரங்களின் 473 ஆலைகளில் நடத்திய ஆய்வு இதன் விளைவைக் காட்டியது. இந்த முறையில் துகள் மாசு வரம்பை மீறியதாகத் தணிக்கையாளர்கள் எழுதியது 7 விழுக்காடு ஆலைகளைப் பற்றி. ஆய்வாளர்கள் செய்வித்த மறு அளவீட்டில் மீறியவை 59 விழுக்காடு. வரம்பு கனமீட்டருக்கு 150 மில்லிகிராம். அறிக்கை எண்களோ அதற்குச் சற்றுக் கீழே வந்து குவிந்திருந்தன. உண்மையான புகைபோக்கிகளுக்கு இவ்வளவு அடக்கம் கிடையாது.

தணிக்கையாளர்கள் யோக்கியர்கள் அல்ல, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். அது போதாத விளக்கம். ஆய்வுக்குட்பட்ட ஒரு பகுதி ஆலைகளுக்குத் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து நிலையான கட்டணம் கொடுத்து, திடீர் மறு அளவீடும் வைத்தார்கள். இரண்டாம் ஆண்டில் துல்லியத்துக்கு ஊக்கத்தொகையும் தந்தார்கள். மீறிய ஆலைக்குப் பொய்யாக நற்சான்று தருவது ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. இரண்டு வகை ஆலைகளிலும் வேலை செய்தவர்கள், புதிய முறையில் உண்மையையும் பழைய முறையில் வழக்கமான எண்ணையும் எழுதினார்கள். ஆள் ஒருவரே, மாறியது பணம் வந்த வழியும் சரிபார்ப்பும்தான்.

உண்மை தெரிந்தும் வாரியம் தண்டிக்காவிட்டால் என்ன பயன் என்பது வலுவான ஆட்சேபம். புதிய முறையில் மாசு குறையத்தான் செய்தது. ஆனால் அது பெரும்பாலும் மிக மோசமான ஆலைகளில் நிகழ்ந்தது. அன்றைய சட்டத்தில் வாரியத்தின் கையிலிருந்தவை மூடல், மின் துண்டிப்பு, வழக்கு போன்ற கனமான ஆயுதங்கள். வரம்பைச் சற்றே மீறியவர்மேல் அவற்றை வீச எந்த அதிகாரியும் துணியமாட்டார். அதே குழுவின் இன்னொரு ஆய்வில், வாரிய அதிகாரிகளின் சோதனைகளைச் சுமார் இரட்டிப்பாக்கியும் மாசு குறிப்பிடும்படி குறையவில்லை. காரணம், மோசமான ஆலைகளை அதிகாரிகள் ஏற்கெனவே தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள்; கூடுதல் சோதனைகள் பெரும்பாலும் மற்றவற்றுக்கே போயின. ஆகவே தணிக்கையைச் சீர்திருத்துவது பாதி வேலை; மறு பாதி தண்டனை முறையில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் காற்று மாசுச் சட்டத்தின் சிறைத்தண்டனைகள் பலவற்றை அகற்றி அபராதத்தை வைத்தது. அந்த அபராதம் மீறலின் அளவோடு ஏறினால்தான், 160 மில்லிகிராம் கக்கும் ஆலைக்கும் அதைக் குறைக்க ஒரு காரணம் கிடைக்கும்.