நின்றாலும் ஓடும் மீட்டர்

ஜான் மேடன் விமானம் ஏற மறுத்தவர். அமெரிக்கக் கால்பந்தில் பயிற்சியாளராகப் பெயரெடுத்து, பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளராக வாரத்துக்கு ஒரு நகரம் போக வேண்டியிருந்தவர் அவர். 1979இல் விமானத்துக்குள் வந்த பீதியோடு வான்வழியை விட்டார். சில ஆண்டுகள் ரயிலில் போனார். 1987 முதல் பேருந்து. படுக்கை, குளியலறை, தொலைக்காட்சி எல்லாம் வைத்த அந்த ‘மேடன் குரூசர்’ அவர் அளவுக்கே புகழ்பெற்றது. பேருந்தை வீடாக்கி ஊர் சுற்றும் ஆசைக்கு அதைவிடக் கவர்ச்சியான உதாரணம் கிடையாது. ஆனால் அது யார் பணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிரேஹவுண்ட் நிறுவனம் தன் விளம்பரத்துக்காகக் கொடுத்த வண்டி அது. ஓட்டுவதற்கும் ஆள் உண்டு. ஆட்டப் பருவம் முழுக்க வாரம் தவறாமல் அது ஓடியது. இந்த வசதிகள் எதுவும் சொந்தக் காசில் வாங்கும் தம்பதிக்கு வாய்ப்பதில்லை.

சாலையில் ஓடும் வீடுகளில் இது தனி ரகம். சாதாரண மோட்டார்ஹோம் என்பது லாரியின் அடிச்சட்டத்தின் மேல் லேசான பலகைகளால் கட்டிய அறை. பேருந்து வீடு அப்படியல்ல. தொலைதூரப் பயணிகளுக்காகவே செய்த பேருந்தின் கூட்டை எடுத்து உள்ளே வீடு அமைக்கிறார்கள். கனடாவில் 1924இல் தொடங்கிய பிரெவோ, வின்னிபெக் நகரத்து எம்.சி.ஐ., ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பேருந்துகள் ஆகியவை இதில் பேர்போனவை. ஒரிகன் மாநிலத்தின் மாரத்தான் கோச் போன்றவர்கள் புதிய பிரெவோ கூட்டில் செய்துதரும் வீடு 20 லட்சம் டாலரைத் தாண்டும். மறுகோடியில், பள்ளிகள் கழித்துவிட்ட மஞ்சள் பேருந்தைச் சில ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் எடுத்து, இருக்கைகளைத் தாமே கழற்றும் இளைஞர்கள்.

பொருள் நல்ல பொருள்தான், அதில் சந்தேகமில்லை. ஐம்பது பேரையும் அவர்கள் மூட்டைகளையும் சுமந்து பல லட்சம் மைல் ஓடுவதற்கென்றே அந்த எஞ்சினும் பிரேக்கும் காற்றுப்பைச் சஸ்பென்ஷனும் செய்யப்பட்டவை. மலை இறக்கத்தில் பலகை மோட்டார்ஹோம் ஓட்டுபவர் கை வியர்க்கும் இடத்தில் பேருந்து அலட்சியமாக இறங்கும். பக்கக்காற்றுக்கு அசையாது. அடியில் இருக்கும் சாமான் அறைகளில் பெரிய தண்ணீர்த் தொட்டியும் பேட்டரி வரிசையும் ஜெனரேட்டரும் தாராளமாக அடங்கும்.

ஆனால் இந்த மேன்மையெல்லாம் ஓடும் பேருந்துக்குச் சொந்தம். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை நிறுத்தியே வைக்கிறார்கள்.

செலவு என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது டீசல். காலனுக்கு ஏழு மைல், அதாவது லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர். கேட்டால் பகீரென்றுதான் இருக்கும். இருந்தாலும் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஒன்றரை லட்சம் டாலருக்குப் பழைய பேருந்து வீடொன்றை வாங்குகிறார். ஆண்டில் 40 இரவு தங்குகிறார், 5,000 மைல் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலன் நான்கு டாலர் என்றால் டீசலுக்கு ஏறத்தாழ 2,860 டாலர். விலைச் சரிவுக்கு 10,000, பராமரிப்புக்கு 5,000, காப்பீட்டுக்கு 2,000, நிறுத்திவைக்கும் கொட்டகை வாடகைக்கு 2,400, டயருக்கு 800 என்று ஒதுக்கினால் மொத்தம் 23,000 டாலரைத் தாண்டுகிறது. டீசலின் பங்கு அதில் எட்டில் ஒன்று. ஓர் இரவுக்கு 576 டாலர் விழுகிறது. முகாம் கட்டணம் இன்னும் சேரவில்லை. 2022 ஜூனில் அமெரிக்காவில் டீசல் காலனுக்கு 5.80 டாலரைத் தொட்டது. அந்த விலையைப் போட்டாலும் எரிபொருளின் பங்கு ஏறத்தாழ ஆறில் ஒன்றுதான். பங்க்கில் நின்று புலம்புபவர் புலம்ப வேண்டிய இடம் கொட்டகை வாசல்.

டயரை எடுத்துக்கொண்டாலே விஷயம் தெளிவாகிவிடும். மூன்று அச்சுள்ள பேருந்துக்கு எட்டு டயர். பக்கச் சுவரில் ‘டாட்’ என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்த்த டயர். பழைய வண்டி வாங்கப் போகிற விவரமான ஆள் மெத்தையை அழுத்திப் பார்ப்பதற்கு முன் குனிந்து அந்த எண்ணைத்தான் படிப்பார். சரக்கு லாரியில் போட்டிருந்தால் லட்சம் மைல் ஓடித் தேய்ந்திருக்கும் டயர், இங்கே புதுசுபோலப் பட்டை பளிச்சென்றிருக்க, வெயிலில் நின்றே ரப்பர் இறுகி வெடிப்பு விடுகிறது. ஆறேழு ஆண்டில் மாற்றியாக வேண்டும். முன்சக்கர டயர் வேகத்தில் வெடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்த யாரும் இதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. பேட்டரி, பெல்ட், ஆயில் சீல், காற்றுக்குழாய் என்று எல்லாவற்றுக்கும் இதே கதி. ஓட்டாமல் விட்டால் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குக் கெடும்.

ஆண்டு முழுக்க அதிலேயே குடியிருப்பவர்கள் கணக்கு வேறு. அதே வண்டியை 10,000 மைல் ஓட்டி, விலைச் சரிவையும் பராமரிப்பையும் காப்பீட்டையும் கூட்டிப்போட்டு, மாதம் 800 டாலர் முகாம் வாடகையும் சேர்த்தால் ஆண்டுக்கு 38,600 டாலர் அளவில் நிற்கிறது. நாளொன்றுக்கு 106. வீட்டு வாடகையும் சொத்து வரியும் இல்லாதவருக்கு இது நியாயமான தொகை. சிக்கனக்காரர் இதையும் குறைப்பார். 62 வயதானவர்களுக்குத் தேசியப் பூங்காக்களின் வாழ்நாள் அட்டை 80 டாலர். அதைக் காட்டினால் பல அரசு முகாம்களில் பாதிக் கட்டணம். அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அரசு நிலத்தில் தங்க நெடுங்காலம் 180 டாலர்தான் வாங்கினார்கள். வண்டி நிற்கும் இடத்தில் குழாயும் மின்கம்பமும் இல்லாத அந்தப் பொட்டலில்தான் பேருந்தின் பெரிய தொட்டிக்கும் கூரைமேல் சூரியப் பலகைக்கும் மதிப்பு. குறையும் உண்டு. வண்டி பட்டறைக்குப் போனால் வீடே பட்டறைக்குப் போய்விடும். விடுதி வாடகை தனி.

பேருந்து வீடு லாபமாகவே அமைவது இன்னொரு கூட்டத்துக்கு. நாஷ்வில்லிலிருந்து கிளம்பும் இசைக்குழுக்கள் அதை வாடகைக்குத்தான் எடுக்கின்றன. அடுக்குப் படுக்கைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் தூங்க, வண்டி இரவோடிரவாக அடுத்த ஊர் சேரும். அத்தனை விடுதி அறைகளும் விமானச் சீட்டுகளும் மிச்சம். ஐம்பது பேருக்கான வண்டியில் பன்னிரண்டு பேர் போனால் கட்டுப்படியாகிறது. இருவரும் ஒரு நாய்க்குட்டியும் போனால் ஆகவில்லை. கணக்கு அவ்வளவுதான்.

வாங்கும் கடனிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் 1999இல் 40 அடி நீளப் பழைய பிரெவோ வண்டியொன்றை வாங்கினார். விலை 2,67,230 டாலர். கடன் கொடுத்தது வங்கியல்ல, வசதியான நண்பர் ஒருவர். ஆளுக்காள் மாறும் உள்வேலைப்பாடு கொண்ட பழைய வண்டிக்கு மதிப்புப் போடுவது கடினம், அதனால் வங்கிகள் தயங்கும் என்ற விளக்கம் பின்னாளில் வெளிவந்தது. வட்டி 7.5 சதவீதம், ஆண்டுக்கு 20,000 டாலருக்குச் சற்று மேல். அசலில் பெரும்பகுதியோ முழுவதுமோ தள்ளுபடியானதாக 2023இல் செனட் நிதிக் குழுவின் அறிக்கை சொன்னது. தள்ளுபடி எதுவும் இல்லை, கடன் நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்டன என்று நீதிபதியின் வழக்கறிஞர் மறுத்தார். அந்தச் சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும். கடற்கரைகளைவிட வால்மார்ட் வண்டி நிறுத்தங்கள் தனக்குப் பிடிக்கும் என்று தாமஸ் ஓர் ஆவணப்படத்தில் சொல்லியிருக்கிறார். இலவசமாக நின்ற அந்த இரவுகளிலும் வட்டி மட்டும் நாளொன்றுக்கு 55 டாலர் ஏறியிருக்கும்.

போக நினைக்கும் இடத்துக்கெல்லாம் பேருந்து போகுமா என்பது அடுத்த கேள்வி. மொன்டானாவின் பனியாற்றுப் பூங்காவில், மலையைக் குறுக்கே கடக்கும் புகழ்பெற்ற சாலையின் உச்சிப் பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதியில்லை. யூட்டாவின் சயன் பூங்காவில் 1930இல் திறந்த சுரங்கச் சாலையில், பெரிய வண்டிகளுக்காக எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட 15 டாலர் வாங்கிவந்தார்கள். ஆகவே 45 அடிப் பேருந்தின் வாலில் ஒரு காரையும் கட்டி இழுக்கிறார்கள். இழுவைக் கம்பி, கூடுதல் பிரேக், இன்னொரு காப்பீடு. ஊரைச் சுற்றிப் பார்ப்பது காரில். பேருந்து முகாமில் நின்று காவல் காக்கும்.

பழைய பேருந்தைச் சல்லிசாக வாங்கினால் பிழைத்தோம் என்பவர்களுக்கு டெட்ராய்ட் டீசல் 8வி71 எஞ்சின் பதில் சொல்லும். இரு வீச்சு எஞ்சின். ஊற்ற வேண்டியது 40ஆம் நம்பர் ஆயில். ஒழுகாவிட்டால் ஆயில் தீர்ந்துவிட்டது என்று பொருள் என்பது அதை வைத்திருப்பவர்களின் பழைய வேடிக்கை. அதன் குணம் தெரிந்த மெக்கானிக்குகள் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். லாரிப் பட்டறைகளில் பல, மோட்டார்ஹோம் என்றாலே கையை விரிக்கின்றன. தானே படுத்துப் பழுதுபார்க்கலாம். அதற்கும் முறை தெரிய வேண்டும். காற்றுப்பை இறங்கினால் டன் கணக்கான உடல் சடாரென்று கீழே அமரும். முட்டுக்கட்டை வைக்காமல் அடியில் புகுந்து உயிரை விட்டவர்கள் உண்டு. பள்ளிப் பேருந்தைச் சொந்தக் கையால் வீடாக்கும் இளைஞர்கள் பலகைக்கும் திருகாணிக்கும் பில் வைத்திருப்பார்கள், ஓராண்டு வார இறுதிகளுக்கு வைத்திருக்க மாட்டார்கள். முடித்த பிறகு காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், அத்தனை உழைப்பும் சாலைக்கு வராமல் முற்றத்திலேயே நிற்கும்.

பழைய பேருந்து வீடுகளின் விற்பனை விளம்பரங்களில் இந்தக் கணக்கு முழுதாகக் கிடைக்கிறது. புது டயர் எட்டு, புது பேட்டரி, மாற்றிய ஜெனரேட்டர், புதுப்பித்த குளிர்சாதனம் என்று உரிமையாளர் செலவழித்ததை வரிவரியாக எழுதியிருப்பார். கேட்கும் விலை பல நேரங்களில் அந்தப் பட்டியலின் கூட்டுத்தொகைக்கும் கீழே இருக்கும். வண்டி சும்மா கிடைத்த மாதிரி. வாங்க வருபவர் அதையும் குறைத்துத்தான் கேட்பார். பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டியைச் சில தனியார் முகாம்கள் உள்ளே விடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.