அறையும் சந்தையும்: கிளெயரோவின் இசைவாழ்வு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

வெகுசன இசை பற்றிய ஆய்வு நமது விமர்சனத் துறையில் இன்னும் உரிய இடத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை. நாவலையும் சிறுகதையையும் வர்க்க நிலைநின்று ஆராய்வோர்கூட, இளைஞர்கள் நாள்தோறும் கேட்கும் பாடல்களை வெறும் வணிகப் பண்டம் என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். அவை பண்டங்கள் என்பது உண்மையே. ஆயின், பண்டம் என்று கூறியதும் ஆய்வு முடிந்துவிடுவதில்லை. அவ்விடத்திலேதான் அது தொடங்க வேண்டும். மார்க்ஸ் தமது 'மூலதன'த்தைப் பண்டத்திலிருந்தே ஆரம்பித்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

கிளெயரோ என்னும் பெயரால் அறியப்படும் அமெரிக்கப் பாடகியும் பாடலாசிரியையுமான கிளெயார் கொற்றில், 1998இல் அற்லாண்டாவிற் பிறந்து மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கார்லைல் என்ற வசதிமிக்க சிற்றூரில் வளர்ந்தவர். 2017 ஓகஸ்ட் மாதத்தில், தமது அறையிலே கணினியின் படக்கருவிக்கு முன்னமர்ந்து, தாமே பதிவுசெய்த 'பிறிற்றி கேர்ள்' என்ற பாடலுக்கு வாயசைத்து, அப்படத்தை யூரியூபில் வெளியிட்டார். ஒப்பனையற்ற முகம், வாராத தலைமயிர், சிறிய விசைப்பலகையொன்றின் மலிவான ஒலி ஆகியனவே அதன் சாதனங்கள். காதலன் விரும்பியவாறெல்லாம் தன்னை மாற்றிக்கொள்ள முனையும் பெண்ணை எள்ளலோடு நோக்குவது அப்பாடல். திருநர் உரிமைகளுக்காக வாதாடும் சட்ட நிலையமொன்றுக்கு நிதி சேர்க்கும் தொகுப்பு ஒலிநாடாவுக்கென ஆக்கப்பட்ட அது, சில மாதங்களுள் பல இலட்சம் பேரைச் சென்றடைந்தது. 2018 மே மாதத்தில் 'டயறி 001' என்ற அவரது சிறு தொகுப்பை ஃபேடர் நிறுவனம் வெளியிட்டது.

புகழோடு குற்றச்சாட்டும் உடன்வந்தது. அவருடைய தந்தை ஜெஃப் கொற்றில், கொக்கா-கோலா, கொன்வேர்ஸ் முதலிய கம்பனிகளின் சந்தைப்படுத்தற் பிரிவுகளில் உயர்பதவி வகித்தவர். ஃபேடரின் இணை நிறுவுநர் அத்தந்தையின் நண்பர். இவை வெளிப்பட்டதும், கிளெயரோ தற்செயலாகத் தோன்றிய கலைஞர் அல்லர், இசைத் தொழிற்றுறை திட்டமிட்டு நட்டுவைத்த செடியே அவர் என்ற வாதம் இரசிகரிடையே பரவிற்று. அவ்வாதத்தின் தன்மையையும், அதன் பின்னர் அவர் கண்ட வளர்ச்சியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கிளெயரோவின் எழுச்சிக்கு இரு விளக்கங்கள் தரப்படுகின்றன. முதலாவது, தொழில்நுட்பம் கலையைச் சனநாயகப்படுத்திவிட்டது என்பது. 1979இல் நான்கு தடங்களிற் பதிவுசெய்யும் சிறிய ஒலிநாடாக் கருவி சந்தைக்கு வந்தது. 2004இல் அப்பிள் கம்பனியின் கராஜ்பான்ட் மென்பொருள் கணினியையே ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கிற்று. 2005இல் யூரியூப் தோன்றிற்று. எனவே, திறமையுள்ள எவரும் தம் அறையிலிருந்தே உலகை எட்டலாம் என்பர். இரண்டாவது, மேலே கூறிய 'நட்டுவைத்த செடி' வாதம்.

முதல் விளக்கம், உற்பத்திக் கருவி மலிந்தமையை உற்பத்தி உறவு மாறியமையாகக் கொண்டு மயங்குகிறது. பாடலைப் பதிவுசெய்யும் கருவி பலரது கைக்கு வந்தது மெய். ஆனால், அப்பாடலைக் கேட்போரிடம் கொண்டுசெல்லும் பாதையோ முன்னெப்போதையும் விடச் சிலர் கைக்குள் ஒடுங்கிற்று. 2006இல் யூரியூபைக் கூகிள் வாங்கிக்கொண்டது. 2024இன் தொடக்கம் முதல், முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவையேனும் கேட்கப்படாத பாடலுக்கு உரிமைப்பணம் வழங்குவதில்லை என ஸ்பொட்டிஃபை விதித்தது. அறையிலிருந்து பாடுவோர் பெருகிய அதே காலத்தில், அவர்களுட் பெரும்பாலானோரின் உழைப்பு விலையற்றது என ஒரு கம்பனி தன்விருப்பாகத் தீர்மானிக்க முடிந்தது.

இரண்டாவது விளக்கம் இதனினும் கூர்மையுடையது. வர்க்கம் என்ற உண்மையை அது கண்டுகொள்கிறது. எனினும், கண்ட உண்மையைத் தனிமனித ஒழுக்கப் பிரச்சினையாகக் குறுக்கிவிடுகிறது. செல்வாக்குள்ள தந்தையும் நெருக்கடியற்ற இளமையும் ஒரு கலைஞருக்கு வாய்த்தமை அவருடைய சூழ்ச்சியன்று. ஓய்வும் தொடர்பும் இசைக்கருவியும் சொத்துடைமைக்கேற்பப் பங்கிடப்படும் சமூகத்தின் சாதாரண நடைமுறை அது. 2011இல் கொன்வேர்ஸ் கம்பனி புறூக்ளினில் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றைத் திறந்து, அறியப்படாத இசைக்கலைஞர்க்கு அதனை இலவசமாக வழங்கிற்று. கம்பனியின் சந்தைப்படுத்தற் பிரிவை அப்பொழுது நடத்தியவர் ஜெஃப் கொற்றிலே. 'இன்டி' இசையின் நம்பகத்தன்மை சப்பாத்து விற்கப் பயன்படும் என்பதை முதலாளித்துவம் கிளெயரோ பாடத் தொடங்குமுன்பே அறிந்திருந்தது. வஞ்சகரைத் தேடும் விமர்சனம் இவ்வமைப்பைக் காணாது போகிறது.

இக்குற்றச்சாட்டில் மறைந்துள்ள பாலினக் கூற்றையும் அவதானித்தல் வேண்டும். ஒரு பெண் எழுதுவதற்கு ஆண்டுக்கு ஐந்நூறு பவுணும் தனக்கென ஓர் அறையும் தேவை என 1929இல் வேர்ஜினியா வூல்ஃப் வாதிட்டார். 1976இல் அஞ்சலா மக்றொபியும் ஜெனி கார்பரும், இளைஞர் பண்பாட்டு ஆய்வுகள் தெருவிற் காணப்படும் ஆண்களையே நோக்கிவந்தன என்றும், சிறுமியரின் பண்பாடு படுக்கையறையில் வளர்வதை அவை காணவில்லை என்றும் எடுத்துக்காட்டினர். தெரு மறுக்கப்பட்டவர்க்கு அறையே அரங்கமாகிறது. அவ்வறையிலிருந்து ஒரு பெண் வெற்றிபெற்றதும், பின்னால் இயக்கியவர் யாரெனத் தேடுவது, அவளுடைய உழைப்பை ஆண்களின் கணக்கில் எழுதும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே. வூல்ஃப் கூறிய அறையோடு பவுணும் சேர்ந்தே வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. கிளெயரோ பெண் என்ற நிலையில் ஐயத்துக்கு உள்ளானவர். வர்க்கம் என்ற நிலையிற் சலுகை பெற்றவர். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதுதான் விமர்சனத்தின் பணி.

3

'இன்டி' என்ற சொல்லின் வரலாறு இவ்விடத்தில் நமக்கு உதவும். இன்று அது மெல்லிய குரல், கரடான பதிவு, கூச்சம் கலந்த பாவனை என ஓர் ஒலிநடையைக் குறிக்கிறது. தொடக்கத்தில் அதன் பொருள் வேறு. 1977 சனவரியில் மான்செஸ்ரரைச் சேர்ந்த பஸ்கொக்ஸ் குழுவினர் கடன் வாங்கிய பணத்தில் தமது முதல் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். 1978இல் இலண்டனின் றஃப் றேட் கடை இசைத்தட்டு நிறுவனமுமாயிற்று. பின்னர் பிரித்தானியாவின் பிராந்தியக் கடைகள் ஒன்றிணைந்து பொது விநியோக வலையமைப்பு ஒன்றை உருவாக்கின. 1980இல் பிரித்தானியாவில் இன்டி இசைக்கெனத் தனித் தரவரிசை தொடங்கப்பட்டபோது, ஒரு தட்டு அதில் இடம்பெறுவதற்குரிய தகுதி அதன் ஒலியன்று; பெருங்கம்பனிகளைச் சாராது விநியோகிக்கப்பட்டதா என்பதே. றஃப் றேட்டின் விநியோக நிறுவனம் 1991இல் முறிந்தது. உடைமை உறவு ஒன்றைச் சுட்டிய சொல், அவ்வுறவு அழிந்தபின் வெறும் நடையின் பெயராகத் தங்கிவிட்டது.

4

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு கிளெயரோவின் தொகுப்புகளை வரிசையாக நோக்கினால் சுவையானதொரு முரண்பாடு புலப்படும். 2019 ஓகஸ்ட்டில் வெளிவந்த 'இம்யூனிற்றி'யை, வம்பயர் வீக்கென்ட் குழுவின் முன்னாள் உறுப்பினரான றொஸ்தாம் பற்மங்லிஜுடன் இணைந்து அவர் ஆக்கினார். 'பிறிற்றி கேர்'ளின் எள்ளலுக்குப் பதிலாக இதில் நேரடித்தன்மை மேலோங்குகிறது. பெண்ணொருத்தி பெண்ணொருத்திமீது கொள்ளும் காதலை 'பாக்ஸ்' என்ற பாடல் தயக்கத்தின் ஓசையாகவே நிகழ்த்துகிறது. பொஸ்ரன் புகையிரதப் பாதையொன்றின் கடைசி நிலையத்தின் பெயர் தாங்கிய 'ஏல்வைஃப்', தற்கொலை எண்ணத்தின் விளிம்பில் நின்ற பள்ளிச் சிறுமியை அவள் தோழி காத்தமையைப் பாடுகிறது. இளவயதிலேயே அவரைப் பற்றிய மூட்டுவாத நோயும் அத்தொகுப்பின் தலைப்பிற் பொதிந்துள்ளது.

2021 யூலையில் வெளிவந்த 'ஸ்லிங்' நியூயோர்க் மாநில மலைப்பகுதியிலுள்ள ஒலிப்பதிவுக்கூடத்தில், அக்காலத்தின் முன்னணித் தயாரிப்பாளரான ஜக் அன்ரனொஃபுடன் உருவாயிற்று. அதனை வெளியிடுவதில் யுனிவேர்சல் குழுமத்தைச் சேர்ந்த றிப்பப்ளிக்கும் பங்குகொண்டது. அவர் பெருமூலதனத்துக்கு மிக அணுக்கமாக வந்த அத்தருணத்திலேயே, அவருடைய பாடல்கள் சந்தையிலிருந்து மிகத் தொலைவை நாடின. இல்லறம், தாய்மை பற்றிய அச்சம், ஒதுங்கி வாழும் விருப்பு என்பனவே அதன் பொருள்கள். 'புளவுஸ்' என்ற பாடல், தன் சொல்லைக் கேளாது தன் உடலை நோக்கும் ஆணின் பார்வையைப் பொருளாகக் கொள்கிறது. இசைத்துறையில் அவர் கண்ட அனுபவமே அதன் ஊற்று. தமது உழைப்போடு உடலும் பண்டமாவதை உணர்ந்த ஒருவரின் குரல் அது. 1888இல் மார்கரற் ஹார்க்னெஸுக்கு எழுதிய கடிதத்தில், பால்சாக்கின் அரசியற் சார்பையும் மீறி அவரது யதார்த்தவாதம் உண்மையை வெளிக்கொணர்ந்ததை ஏங்கல்ஸ் சுட்டினார். கலைஞரின் வர்க்கப் பிறப்பைக் கூறியதோடு படைப்பைப் பற்றி எல்லாம் கூறியாயிற்று எனக் கருதுவோர் அக்கடிதத்தை மீண்டும் கற்றல் நன்று.

2024 யூலையில் 'சார்ம்' வெளிவந்தது. லியோன் மிக்கெல்ஸுடன் சேர்ந்து, இசைஞர் பலர் ஒரே கூடத்தில் ஒருங்கிருந்து வாசிக்க, காந்த நாடாவில் நேரடியாகப் பதிவுசெய்யப்பட்ட தொகுப்பு இது. புல்லாங்குழலும் பிற துளைக்கருவிகளும் பின்னிவரும் அதன் ஒலி ஒருவர் அறையின் ஒலியன்று. பலர் கூடி உழைக்கும் இடத்தின் ஒலி. அதனை அவர் தமது சொந்த நிறுவனத்தின் வழியே வெளியிட்டார். கிராமி விருதின் மாற்று இசைத் தொகுப்புப் பிரிவில் அது பரிந்துரைக்கப்பட்டது.

முரண்பாடு இதுவே: அவரது இசை மிகத் 'தனித்து' ஒலித்த காலத்தில் அதன் வெளியீடு பிறர் கையில் இருந்தது, வெளியீடு அவர் கைக்கு வந்தபோது இசை கூட்டுழைப்பின் உருவை எய்திற்று. தனித்த அறையின் ஒலி சுதந்திரத்தின் சான்று என்ற பரவலான எண்ணத்தை அவருடைய வரலாறே மறுக்கிறது. 1941இல் அடோர்னோ 'போலித் தனித்துவம்' எனக் குறித்த பண்பு அக்கரடான பதிவிலேயே மிகுதி எனலாம். ஏனெனில் அதனைப் பின்பற்றல் மிக எளிது. அதே வேளை, 'சார்'மையும் கேட்போரிடம் கொண்டுசென்றது யுனிவேர்சலின் கிளையான வேர்ஜின் குழுமமே. 1980இன் அளவுகோலை இட்டுப் பார்ப்பின் அதுவும் இன்டித் தட்டாகாது. உற்பத்தியில் ஒரு கலைஞர் பெறும் விடுதலை, விநியோகத்தின் வாயிலில் நின்றுவிடுகிறது.

5

2025 ஏப்பிரல் 12இல், கலிபோர்னியாவின் கோச்செல்லா இசைவிழாவிற் கிளெயரோ பாடுமுன், அவரை அறிமுகஞ்செய்ய மேடையேறியவர் செனற்றர் பேர்னி சான்டர்ஸ். பெண்கள் உரிமைக்காகவும் காசா மக்களுக்காகவும் அவர் குரல் கொடுத்தமையைச் சான்டர்ஸ் பாராட்டினார். பெருஞ்செல்வர் ஆட்சியை எதிர்க்கும் கூட்டமொன்றில் அன்றைய தினமே உரையாற்றிவிட்டு வந்தவர் அவர். அவர் நின்ற மேடையோ, பெருஞ்செல்வர் பிலிப் அன்சூற்ஸின் குழுமத்துக்குரிய நிறுவனம் நடத்தும் விழாவின் மேடை.

இதனைப் பாசாங்கு எனத் தள்ளிவிடல் எளிது; வெற்றி எனக் கொண்டாடலும் எளிது. 1934இல் வால்ற்றர் பெஞ்சமின், ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன நிலைப்பாடு கொள்கிறது என்பதற்கு முன்பாக, அவ்வுறவுகளுக்குள் அது எங்கே நிற்கிறது என்று கேட்கச் சொன்னார். கிளெயரோவின் நிலைப்பாடு நேர்மையானது. அவர் நிற்கும் இடம் அவருடைய தெரிவுக்கு அப்பாற்பட்டது. காசாவின் பெயர் அம்மேடையில் ஒலித்தமை பயனற்றதன்று. அம்மேடை யாருடையது என்ற கேள்வியை அது தீர்த்துவைக்கவுமில்லை.

எனவே, இத்தகைய கலைஞரிடம் கேட்கப்படவேண்டியது, நீ உண்மையானவளா என்பதன்று. அக்கேள்விக்குச் சந்தையே இலாபகரமான விடைகளை வைத்திருக்கிறது. தந்தைக்குத் தொடர்புகள் இல்லாத, பூட்டிக்கொள்ளத் தனியறை இல்லாத, ஆயிரம் தடவை கேட்கப்படாத சிறுமியின் பாட்டு எந்த வழியாக நம்மை வந்தடையும் என்பதே கேள்வி. அன்று சில கடைக்காரர் கூடித் தமக்கென ஒரு விநியோக வலையை நெய்தனர், அது அறுந்தது. அதனை மீண்டும் நெய்யும் பணி தனியொரு பாடகியின் திறமையால் நிறைவேறக்கூடியதன்று. கேட்போரும் பாடுவோரும் ஒழுங்கமைந்து ஆற்றவேண்டிய பணி அது.