முதல் வாளி பியர்
வீட்டில் பியர் வடிப்பது இங்கிலாந்துச் சமையலறைகளில் பழகிப்போன கைவேலை. முளைகட்டி உலர்த்திய பார்லியைக் கொரகொரப்பாக உடைத்து, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கும்போதே அதன் சுகம் தொடங்கிவிடுகிறது. மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறும். சுடுகிற ரொட்டியைப் போன்ற வாசனை வீடெங்கும் பரவும். கரண்டியில் பிசுபிசுக்கும் அந்தச் சாற்றை வடித்துக் கொதிக்கவிட்டதும் ஹாப்ஸ் பூக்கள் சேர்கின்றன. தொடக்கத்தில் இட்டவை கசப்பையும், கடைசி நிமிடங்களில் இட்டவை மணத்தையும் தரும். ஒரு பூவை விரலில் கசக்கினால் மஞ்சள் பொடி ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சையும் பிசினும் கலந்த நெடி நெடுநேரம் போகாது.

அடுப்பை அணைத்தபின் வேலை ஈஸ்டுடையது. சாற்றை 20 டிகிரி அளவுக்கு ஆற்றி, கிருமிநீக்கிய வாளியில் ஊற்றி, ஈஸ்டைத் தூவி மூட வேண்டும். புதியவர் கற்கவேண்டிய முதல் திறமை சுத்தம்தான். மறுநாள், பெரும்பாலும், மூடியில் செருகிய காற்றடைப்பான் ‘குளுக், குளுக்’ என்று பேசத் தொடங்கும். கேட்கக் கேட்க அலுக்காத ஒலி அது. ஒலி அடங்கியதாலேயே நொதித்தல் முடிந்துவிடாது; அடர்த்திமானி இரண்டு மூன்று நாள் ஒரே அளவைக் காட்ட வேண்டும். அவசரப்பட்டு அடைத்தால் புட்டி வெடிக்கக்கூடும். அளந்த சர்க்கரையுடன் அடைத்து இரண்டு வாரம் அறை வெப்பத்தில் வைத்தால் நுரை தானாக உண்டாகும். தொடங்குபவருக்கு, அதிகக் குளிர்ச்சி கேட்காத ஏல் வகையே ஏற்றது; குளிரையும் நெடுநாள் காத்திருப்பையும் கேட்கும் லாகரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.