சாகவும் விடமாட்டார்கள், மாறவும் விடமாட்டார்கள்

ஜோக்கர் முதல் இதழிலேயே செத்திருக்க வேண்டிய ஆள். 1940ல் வந்த 'பேட்மேன்' முதல் இதழில் அவனுக்கு இரண்டு கதைகள். இரண்டாவதன் முடிவில் அவன் கத்தி அவன் நெஞ்சிலேயே இறங்குகிறது. கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் எடிட்டர் விட்னி எல்ஸ்வொர்த் ஒரு கட்டத்தைக் கூடுதலாக வரையச் சொன்னார்: ஆள் பிழைத்துக்கொள்வான். நல்ல முடிவுதான், இப்படி ஒரு வில்லனை யார் இழப்பார்கள்? ஆனால் அந்த ஒற்றைக் கட்டத்தைத்தான் 80 வருஷமாகத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் இவ்வளவு மோசமில்லை. 1969க்குப் பிறகு நான்கு வருஷம் ஜோக்கர் கண்ணிலேயே படவில்லை. 1973ல் டென்னிஸ் ஓ'நீலும் நீல் ஆடம்ஸும் அவனைக் கொலைகாரனாகத் திருப்பிக் கொண்டுவந்தபோது அது ஒரு சம்பவமாக இருந்தது. கோமாளித்தனம் போய் பயம் வந்தது. அந்த பயத்துக்கு எழுத்தும் ஓவியமும் காரணம் என்றால், நான்கு வருஷ இடைவெளிக்கும் அதில் பங்கு உண்டு.

1988ல் ஆலன் மூரின் 'தி கில்லிங் ஜோக்' வந்தது. அதில் ஜோக்கர் சுட்டு பார்பரா கார்டன் சக்கர நாற்காலிக்குப் போனாள். அதே வருஷம் ராபினாக இருந்த ஜேசன் டாட் சாகலாமா வேண்டாமா என்று வாசகர்களிடம் தொலைபேசியில் ஓட்டு கேட்டார்கள். சாகட்டும் என்றவை 5,343, வேண்டாம் என்றவை 5,271. 72 ஓட்டில் ஒரு பையன் செத்தான். இந்த இரண்டு கதைகளுக்குப் பிறகு ஜோக்கர் என்றாலே வாசகருக்கு வயிற்றைக் கலக்கியது.

பிறகு என்ன ஆச்சு? 2005ல் ஜேசன் உயிரோடு திரும்பினான். 2011ல் பார்பரா எழுந்து நடந்தாள். ஜோக்கரின் கொடுமைக்கு விலையாக இருந்த இரண்டும் திருப்பித் தரப்பட்டன. விலையில்லாத கொடுமையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? அதனால் அளவை ஏற்றினார்கள். 2012ல் தன் முகத்தோலையே மாட்டிக்கொண்டு வந்தான். 2014ல் நகரம் முழுக்க விஷம். 2020ல் 'ஜோக்கர் வார்'. அதே வருஷம் மூன்று ஜோக்கர்கள். ஒருத்தன் பத்தவில்லையாம்.

ஸ்காட் ஸ்னைடர் விஷயம்தான் எனக்கு ரொம்ப வருத்தம். 2011ல் அவரும் ஓவியர் கிரெக் கபுல்லோவும் ஆந்தைகளின் மன்றம் என்ற புது எதிரியை உருவாக்கினார்கள். தனக்குத் தெரியாத எதுவும் தன் ஊரில் கிடையாது என்ற பேட்மேனின் கர்வத்தையே அது உடைத்தது. வாசகர்கள் கொண்டாடினார்கள். அது முடிந்த கையோடு அதே கூட்டணி போய் நின்ற இடம் ஜோக்கர்.

இதில் அதிகம் அடிவாங்குவது நாயகன். 'கொல்லமாட்டேன்' என்பது பேட்மேனின் அறம். வில்லன் இரண்டு மூன்று முறை தப்பித்தால் அந்த அறம் சோதிக்கப்படுகிறது. ஐம்பது முறை தப்பித்து ஒவ்வொரு முறையும் நூறு பேரைக் கொன்றால் அறம் அசட்டுத்தனமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. 'பேசாம கொன்னுத் தொலையேன்யா' என்று வாசகரே கத்துகிறார். பேட்மேனின் குணம் மாறவில்லை. விற்பனைக்காக அவரை முட்டாளாக்கிவிட்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரலாம். வருஷா வருஷம் சூரசம்ஹாரம் பார்க்கிறோமே, சலிக்கிறதா? சலிக்கவில்லை. ஆனால் அங்கே சூரன் சாகிறான். யானைமுகன், சிங்கமுகன் என்று ஒவ்வொரு தலையாகப் போய், கடைசியில் மாமரம் பிளந்து சேவலும் மயிலுமாகிறான். பகைவன் கொடியாகவும் வாகனமாகவும் மாறிவிடுகிறான். அடுத்த வருஷம் பார்ப்பது முடிவுள்ள அதே கதையை, முதலிலிருந்து. தப்பித்துப்போன சூரனின் 86வது பாகத்தை யாரும் பார்ப்பதில்லை.

நம் காமிக்ஸ் வாசகர்களுக்கு இது புதிதில்லை. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி, ஆங்கில மூலத்தின் முதல் கதையில் குற்றவாளி. லயன் காமிக்ஸில் நாம் கொண்டாடிய ஸ்பைடர் 1965ல் பிரிட்டனில் அறிமுகமானபோது குற்ற உலகுக்கே ராஜாவாக ஆசைப்பட்டவன். சூப்பர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகலும் அவனுக்குக் கதை எழுதியிருக்கிறார். இருவருமே வில்லன்களாக ஆரம்பித்து வேறு ஆட்களானார்கள். டெக்ஸ் வில்லரில் இன்னொரு வழி. 1948லிருந்து ஓடும் அந்தத் தொடரில் மெபிஸ்டோ எப்போதாவதுதான் தலைகாட்டுவான். அதனால்தான் அட்டையில் அவன் பெயரைப் பார்த்தாலே நிமிர்ந்து உட்காருகிறோம். ஆக வில்லனைக் கொல்லலாம், மாற்றலாம், காத்திருக்க வைக்கலாம். ஜோக்கருக்கு இந்த மூன்றும் கிடையாது.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பவர்களிடம் கேட்டால் இதைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு சரத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. முற்றியதை எடுத்துவிட்டு, பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட்டுவர வேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் உருவினால் ஸ்டோரில் காயும்போது சுருங்கி, நிறம் போய், போடி ஏலத்தில் விலையே கேட்காது. செடியில் காய் இருக்கிறது என்பது மட்டும் பறிக்கக் காரணமாகாது.

சரத்தில் வேறு காய்களும் உண்டு. மிஸ்டர் ஃப்ரீஸ் 1959ல் ஐஸ் துப்பாக்கியோடு வந்த ஒரு சில்லறை வில்லன். 1992ல் பால் டினி ஒரு கார்ட்டூன் எபிசோடில் அவனுக்கு நோயுற்ற மனைவியைக் கொடுத்தார். இன்றும் பார்த்தால் தொண்டை அடைக்கும். இருபது நிமிஷம் வேறொருவனுக்கு இடம் கிடைத்ததால் நடந்தது அது. அடுத்த ஜோக்கர் கதை அறிவிக்கப்படும்போது நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: இவனுக்காக எவன் கதை எழுதப்படாமல் போகிறது?