சித்தி வேட்கையும் பக்குவமும்

மந்திர வித்தையிற் புதிதாகப் புகுவோர் முதற்கண் வினவுவது, 'எப்பயிற்சியைத் தெரிந்து மேற்கொள்வது?' என்பதாம். இவ்வினா மேனாட்டார்க்கும் நம் நாட்டார்க்கும் பொது. 1875இல் நியூயார்க்கில் தோன்றி, 1882இல் சென்னை அடையாற்றிற்குத் தன் தலைமை நிலையத்தை மாற்றிய பிரமஞான சபையின் வாயிலாக, மேனாட்டு மறைவித்தைக் கருத்துகள் தமிழ் கற்றாரிடையும் பரவின. அச்சபையை நிறுவியோருள் ஒருவராகிய பிளாவட்ஸ்கி அம்மையார், மறைஞானம் வேறு, மந்திரக் கலைகள் வேறு என்று 1888இல் பிரித்தெழுதித் தன்னலம் நீங்காமையின் கேட்டினை எடுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே இலண்டனில் எழுந்த 'கோல்டன் டான்' என்னுஞ் சங்கமும் பயில்வோரைப் படிப்படியாகவே ஏற்றிற்று. எனவே ஆண்டும் தகுதி நோக்கப்பட்டமை தெளிவு.

இந்நாட்டிலோ, திருமந்திர நான்காந் தந்திரத்துச் சக்கரங்களை மட்டும் தனியே எடுத்துச் செப்புத் தகட்டிற் பொறித்து, 'வசியத்திற்கு இது, பகையொழிய இது' எனப் பயன்கூறி விற்பாரும் உளர். அத்தந்திரத்துட் பயன்கள் பல பேசப்படுதல் உண்மையே. ஆயினும் ஒரு பகுதியை நூன்முழுமையினின்றும் அறுத்தெடுத்துப் பொருள் கோடல் முறையன்று. முதற்றந்திரத்திற் கொல்லாமையும் புலான்மறுத்தலும் பிறன்மனை நயவாமையும் வற்புறுத்தப்பட்டன. மூன்றாந் தந்திரத்தில் இயம நியமங்கள் முன்னும் அட்டமாசித்தி பின்னும் வைக்கப்பட்டன. ஐந்தாந் தந்திரம் சரியை முதலிய நான்கனையும் சத்திநிபாத வேறுபாட்டையும் விளக்க, ஆறாந் தந்திரம் சிவகுரு தரிசனத்தோடு தொடங்குகின்றது. இவ்வைப்பு முறையை நோக்காது தகட்டை மட்டும் கொள்வார், திருமூலர் நூலைக் கொண்டாராகார்.

'விரும்பிய பயனுக்கேற்ற பயிற்சியைத் தெரிதலில் யாது குற்றம்?' எனின், தெரிகின்ற அவ்விருப்பமே ஆராயப்படல் வேண்டும். உயிர் ஆணவத்தாற் பிணிப்புண்டது. 'யான், எனது' என்னும் செருக்கு அறாதவன் தெரியும் மந்திரம், அச்செருக்கிற்கே கருவியாய் முடியும். மந்திரம் ஒன்றேயாயினும், கொள்வான் நிலையால் அது பாசத்தை வளர்ப்பதூஉம் அறுப்பதூஉம் ஆம்.

பாண்டியன் வெப்புநோய் வரலாறு இதற்குச் சான்று. சமணர் மயிற்பீலி கொண்டு தம் மந்திரங்களாற் செய்தன பயன்படாவாக, திருஞானசம்பந்தர் திருநீற்றினால் நோய் தீர்ந்தது எனச் சேக்கிழார் காட்டுவர். அதனை வலியதொரு வித்தை மெலியதை வென்றதெனக் கொள்ளுதல் பிழை. ஆண்டு நிகழ்ந்தது தன்செயலற்றார்பால் விளங்கிய அருட்செயலென்க.

கோவில்பட்டிக் கரிசல் நிலத்தார்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். மழை பெய்த மாத்திரத்தில் ஏரிறக்கின் மண் கலப்பையிற் பற்றும். மிகக் காய்ந்துவிடின் பாளமாய் இறுகும். இடைப்பட்ட பதத்திலேயே உழவு நடைபெறும். அப்பதம் உழவன் ஆவலால் வருவதன்று. உயிரின் பக்குவமும் அத்தகையது. அதனையறிந்து தீக்கை செய்பவன் குருவே. மேனாட்டுச் சங்கத்தார் தேர்வினால் தகுதி காண முயன்றனர். சைவமோ, இறைவனே குருவாய் வந்து பக்குவம் அறிவன் என்னும்.

அற்றேல், புதிதாகப் புகுவான் அதுகாறும் வாளாவிருத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. அவ்வூர்ப் பூவனநாதர், செண்பகவல்லியம்மை திருக்கோயிலில் அலகிடலும், மெழுக்கிடலும், மலர் தொடுத்தலும், திருவிளக்கிடலும் அவனுக்குரிய பயிற்சிகளாம். சித்தி நாடுவார் இவற்றை எளிமையென்று இகழ்வர். உழவாரப்படை தாங்கிய திருநாவுக்கரசர் ஒழுகிய நெறியை இகழ்தற்கு எவர்க்கும் தகுதியின்று. தெரியப்படுவது வித்தையன்று, திருத்தொண்டேயாம் என்பது இதனாற் பெறப்படும்.